தெய்வானை எடுத்த தூண்டில் கோல்

1

போன சனிக்கிழமை காலையில் ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். முழங்கால் வரை கால்சட்டை, வெயிலில் சிவந்த கழுத்து, கையில் தொப்பி. நான்தான் கதவைத் திறந்தேன். அவரோ என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "உங்கள் மனைவி இருக்கிறார்களா?" என்றார்.

இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் எனக்கு இது பழகிவிட்டது. உட்காரச் சொன்னேன். பள்ளிக்கூட ஆசிரியராம், புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறாராம். கரையில் நின்றபடி போலி மீன் வீசிப் பிடிப்பதற்குக் கை வலிக்காத, எடை குறைந்த தூண்டில் கோல் ஒன்று வாங்க வேண்டுமாம். ஊரில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்காரர், "அவசரப்பட வேண்டாம். சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் சேலை கட்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். பொருளை விற்கிற கடைக்காரரே அனுப்பியிருக்கிறார், அதைக் கவனியுங்கள்.

போலி மீன் என்றால் என்னவென்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. புழுவுக்குப் பதிலாகத் தகட்டிலோ மரத்திலோ விரல் நீளத்துக்கு ஒரு மீன் செய்து, அடியில் கொக்கி தொங்கவிட்டிருப்பார்கள். அதைத் தூர வீசி, நூல் சுற்றிய ரீலைத் திருகி இழுத்தால் தண்ணீருக்குள் அது உயிர் வந்தது மாதிரி நெளிந்து வரும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். வீசுவது, இழுப்பது, மீன் தொட்டதும் அறிவது, மூன்றும் அந்தக் கோலில்தான் இருக்கிறது.

என் மனைவி தெய்வானை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தனக்குத் தெரிந்த அளவு ஆங்கிலத்தில் மூன்றே கேள்வி கேட்டாள். எங்கே நிற்பீர்கள்? என்ன மீன்? பிறகு, கையைக் காட்டுங்கள். அந்த ஆறடி மனிதர் இரண்டு கையையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நீட்டினார். அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, காப்பி வெக்கிறீங்களா? இது கொஞ்ச நேரம் ஆகும்."

நான் சமையலறைக்குப் போனேன். காப்பி வைக்கும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் ஆகாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் நாமக்கல் பக்கம் மோகனூர்க்காரன். காவிரி வாய்க்கால் ஓரம் எங்கள் தோட்டம், கரும்பும் வாழையும். நான் ரசாயனம் படித்தேன். சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, சாற்றில் இனிப்பு எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் ஆலையில் அதே வேலை கிடைத்தது. எனக்கு ஒன்றும் பெரிய மாற்றமில்லை. ஜன்னலைத் திறந்தால் கரும்பு, காற்றில் பாகு வாசம், ஆலைச் சங்கு. வெயில்கூட நாமக்கல் வெயிலுக்கு அண்ணன் தம்பிதான்.

மாற்றமெல்லாம் தெய்வானைக்குத்தான். அவள் ஊர் வெண்ணந்தூர். அவர்களுக்கு வானம் பார்த்த காட்டு நிலம் கொஞ்சம் உண்டு. அது போக வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு தறி. என் மாமனார் நூல் வாங்கச் சேலத்துக்குப் போகும்போது, மகளுக்குப் பதினான்கு வயது ஆனதிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார். பிள்ளைக்கு ஊர் காட்ட அல்ல. அவள் விரல் அவருக்குத் தேவைப்பட்டது.

கடைக்காரர் நூல் கட்டைப் பிரித்துப் போடுவார். இவள் ஓர் இழையை உருவிக் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் விட்டு இழுப்பாள். பார்வை எதிர்க் கடையில் இருக்கும். "இது பாவுக்கு ஆகாதுங்க. ஊடைக்கு வேணாப் போகும்" என்பாள். பாவுதான் தறியில் நீளவாக்கில் கட்டுவது. இழுப்பையெல்லாம் அது தாங்க வேண்டும். குறுக்கே ஓடும் ஊடைக்கு அவ்வளவு பலம் வேண்டாம். அவள் ஆகாது என்ற நூலை மாமனார் ஒருமுறை துணிந்து வாங்கிப் பாவு ஏற்றி, ஒரு வாரம் அறுந்த இழையை முடிந்துகொண்டே இருந்தாராம். பிறகு அந்தத் தப்பைச் செய்யவில்லை.

கல்யாணமான மறுநாளே என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, "இந்தத் துணிய யாருங்க எடுத்தா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அன்றோடு என் துணி எடுக்கும் வேலை முடிந்தது. மோகனூர் ஆலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்த வருஷங்களில் தக்காளியிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாம் அவள் பார்த்து எடுத்ததுதான். பக்கத்து வீட்டு அம்மாக்கள் சேலை எடுக்கப் போனால் இவளைக் கையோடு கூட்டிப் போவார்கள்.

இங்கே வந்ததும் அது நின்றுபோனது. கடையில் எல்லாம் கண்ணாடித் தாளில் சுற்றியிருந்தது. தொட்டுப் பார்க்க வழியில்லை, எழுதியிருப்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அவளுக்கோ ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் போவேன். அரிசி நான் எடுப்பேன், எண்ணெய் நான் எடுப்பேன், அவளுக்குச் செருப்புகூட நானே எடுத்தேன். அவள் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவாள். எட்டு மாதம் அப்படி ஓடியது. நான் வீட்டுக்கு உதவியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மகள் சாந்திக்கு அப்போது எட்டு வயது. மூன்றே மாதத்தில் ஆங்கிலத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். பள்ளிக்கு அம்மா கொண்டுபோய் விடும்போது தெருமுனை வந்ததும், "நீ இங்கயே நின்னுக்கம்மா, நான் போய்க்கறேன்" என்பாளாம். சேலையை யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. தெய்வானை இதை என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. சோறு போடும்போது சொன்னாள், அவ்வளவுதான்.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம், ஆலையில் கரும்பு அரவை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம், அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு புள்ள."

"இங்க வந்ததுல இருந்து இது வேணும், இது வேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. எல்லாம் நீங்க எடுக்கறீங்க, நான் வாங்கிக்கறேன். எனக்கு நான் யாருன்னே மறந்துபோச்சு. அரவை முடியட்டும். நானும் புள்ளையும் ஊருக்குப் போறமுங்க. நீங்க இருந்துட்டு வாங்க."

குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் பயந்தேன். நூல்கடையில் 'ஆகாதுங்க' என்று சொல்வாளே, அதே குரல். அரவை முடிய மூன்று மாதம் இருந்தது.

3

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்று முகத்துவாரத்துக்கு நடந்து போவோம். ஆறு கடலில் சேரும் இடம், கருங்கல் அடுக்கிய கரை. ஆலையில் பாய்லர் பார்க்கும் ஒருவர் அங்கே நின்று போலி மீன் வீசுவார். அந்தப் பேச்சு நடந்த வாரம் தெய்வானை அவரையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போகலாம் என்றேன். கேட்கவில்லை.

"அவரு தண்ணியப் பாக்கறாருன்னு நெனச்சீங்களா? இல்லீங்க. நூலு சொல்றதக் கேக்கறாரு" என்றாள். அந்த எட்டு மாதத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

இது போதாதா எனக்கு? அடுத்த சம்பளத்தன்று நேராகத் தூண்டில் கடைக்குப் போனேன். அவளுக்குச் சொல்லவில்லை. சந்தோஷப்படுத்துகிறேனாம்.

எங்கள் பக்கம் எதை வாங்கினாலும் ஒரே சோதனைதான்: கெட்டியாக இருக்கிறதா? மண்வெட்டிக் காம்பு, நுகத்தடி, கதவு நிலை, மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் அதே சோதனை. கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை நான், பருத்த கழியைப் பார்த்தால் கை தானாகப் போகும். கடையில் இருந்ததிலேயே நீளமானதும் பருமனானதுமான ஒன்றைத் தூக்கினேன். பன்னிரண்டு அடி. தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. திருப்தியாக இருந்தது. கடைக்காரர் வேகமாக என்னவோ கேட்டார். எனக்குப் பாதி புரியவில்லை. படித்தவன் என்று காட்டிக்கொள்ள எல்லாவற்றுக்கும் "ஆமாம், ஆமாம்" என்றேன். அலைக்குள் இறங்கி நின்று சுறா மாதிரி பெரிய மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். பிற்பாடுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் வைத்துக்கொண்டு கருங்கல் கரைக்குப் போனோம். தெய்வானை இரண்டு கையாலும் பிடித்து வீசினாள். தகட்டு மீன் அவள் காலடியில் விழுந்தது. மறுபடி வீசினாள். மறுபடி காலடி. கட்டைவண்டிக்கு மாட்டுகிற கழியில் கட்டெறும்பைக் கட்டி எறிந்தால் எப்படிப் போகும்? பத்துத் தடவை முயன்று மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். பாய்லர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கையில தெம்பில்ல உனக்கு" என்றேன் நான். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

அவள் கோலைக் கல் மேல் பதனமாகச் சாய்த்து வைத்தாள்.

"வாங்கறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம் என்னைத் தின்றது. அவளை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது இந்த ஊர் அல்ல, நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது மாதிரி, "இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு எடுக்கலாம், நீயே வா" என்றேன்.

4

அடுத்த சனிக்கிழமை அந்தக் கழியைத் தூக்கிக்கொண்டு மூவரும் கடைக்குப் போனோம். மொழிபெயர்த்துச் சொல்லச் சாந்தியைக் கூட்டிக்கொண்டோம். அவளோ வாசலருகே படஅட்டைகள் மாட்டியிருந்த இடத்தில் நின்றுகொண்டு, எங்களோடு வந்தவளே இல்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டாள். கடையில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பாவோடு நின்றிருந்தான். அதுதான் விஷயம்.

தெய்வானை யாரையும் எதிர்பார்க்கவில்லை. கோல்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாக எடுத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நுனியை ஒரு சுண்டு சுண்டினாள். நுனி துடித்து, ஆடி, அடங்கும். சில கோல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவற்றை அப்படியே திருப்பி வைத்தாள்.

"ஆடிக்கிட்டே இருக்கறது ஆகாதுங்க" என்று கடைக்காரரிடம் தமிழிலேயே சொன்னாள். "அது ஆட்டமே ஓயல. மீனு தொட்டா எப்புடித் தெரியும்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி படஅட்டையைப் பார்த்தாள்.

ஐந்து கோல் மிஞ்சியது. அடுத்து அவள் செய்தது அந்தக் கடையில் அதுவரை யாரும் செய்திராதது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். கோலில் நூல் ஓடுவதற்கு வரிசையாக வளையங்கள் இருக்கும் அல்லவா, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அந்தப் பருத்தி நூலை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தாள். தறியில் பாவு இழைகள் ஓடும் அச்சைப் புதிதாக வாங்கினால் இப்படித்தான் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு எங்காவது இருந்தால் நூல் அங்கே பஞ்சு பஞ்சாகச் சிலிர்த்துக்கொள்ளும். விலை உயர்ந்த கோல் ஒன்றில் மூன்றாவது வளையத்தில் நூல் சிலிர்த்தது. தெய்வானை அதைக் கடைக்காரர் மூக்கருகே நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தடவினார். முகம் மாறியது. அந்தக் கோலை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

மிச்சம் நான்கு. "ஏனுங்க, இந்த நூலு முனையப் புடிச்சுக்கிட்டு வெளிய ரோட்டுக்குப் போங்க" என்றாள் என்னிடம். கடைக்காரரிடம் ரீலை மாட்டச் சொல்லிச் சைகை செய்தாள். நூலை இழுத்துக்கொண்டு நான் கடையைத் தாண்டி நடைபாதையில் போய் நின்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"நூல விரல்ல தொடுங்க. எத்தன வாட்டி தொடறீங்கன்னு நான் சொல்றேன். ஏமாத்தக் கூடாது."

முதல் கோல். மூன்று தடவை தொட்டேன். "ஒண்ணு" என்றாள். திருப்பி வைத்தாள். இரண்டாவது கோலில் நான்கு தொட்டால் இரண்டு என்றாள். மூன்றாவது பரவாயில்லை. நான்காவது ஒரு மூலையில் கிடந்த பழைய சரக்கு. ஏழடி, மெலிந்த ஃபைபர்கிளாஸ் கோல், என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத நுனி.

மூன்று தொட்டேன்.

"மூணு."

ஒன்று தொட்டேன்.

"ஒண்ணு."

நகத்தால் மெல்ல ஒரு கீறல்.

"கீறறீங்க" என்றாள் திரும்பாமலே. "அத்தன தூரத்துல இருந்து கீறறது தெரியுதுங்க. இதுதான்."

இதற்குள் கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கடைக்காரர் என்னிடமிருந்து நூலைப் பிடுங்கி, தானே வெளியே நின்று தொட்டுப் பார்த்தார். தெய்வானை தமிழில் எண்ணினாள். அவர் விரலைக் காட்டி எத்தனை என்று சரிபார்த்தார். ஐந்தும் ஐந்து, இரண்டும் இரண்டு. கூட்டத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். அந்தக் கோலை வாங்கி வளைத்துப் பார்த்தேன். கீரைத்தண்டு மாதிரி வளைந்தது.

"இது ஒடைஞ்சு போயிரும் புள்ள. அந்த மூணாவதே இருக்கட்டும். கெட்டியா இருக்குது."

"எனக்கு இதுதான் வேணும்."

"சொன்னாக் கேளு. எனக்குத் தெரியாதா?"

தெய்வானை கோலின் நுனியைப் பார்த்தாள். கோலைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. கீழே வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது. வைத்துவிட்டால் அரவை முடிந்ததும் டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் என் வாய் திறக்கவில்லை. பத்துப் பேர் முன்னால் மனைவி சொல்லுக்கு இறங்கி வருவதா என்ற அற்ப கௌரவம். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்போது வாசலிலிருந்து சாந்தி வந்தாள். வகுப்புப் பையனைத் தாண்டித்தான் வந்தாள். அம்மா பக்கத்தில் போய் நின்று, சேலையைப் பிடித்துக்கொண்டு, கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள்.

"என் அம்மாவுக்கு இந்தக் கோல்தான் வேண்டும். இதற்கு ஏற்ற நூலும் போலி மீனும் எடுத்துக் காட்டுங்கள். அதையும் அம்மாதான் பார்ப்பார்கள்."

"கண்டிப்பாக" என்றார் கடைக்காரர். என்னை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு அரை மணி நேரம் தெய்வானை போலி மீன்களை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். அம்மாவும் மகளும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாகப் பேசிய பேச்சில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். நூலின் பருமனுக்குத் தக்க அச்சு இல்லாவிட்டால் தறி ஓடாது, அது போல இந்தக் கோலுக்கு இத்தனை எடைக்கு மேல் மாட்டினால் வீச்சு வராது என்று அவள் சொன்னதைச் சாந்தி மொழிபெயர்த்தாள். தறிக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் திண்டாடிக் கையை ஆட்டிக் காட்டினாள். அவர் கோலின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருந்த எடையைக் காட்டினார். அவள் உள்ளங்கையில் தேர்ந்தெடுத்திருந்த மூன்றும் அதே எடை.

5

முதல் ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் அகப்படவில்லை. கடல்பாசி, ஒரு பழைய கோணிச் சாக்கு, ஒருமுறை என் தொப்பி. ஆனால் வீச்சு நாளுக்கு நாள் தூரம் போனது. பள்ளி விட்டதும் சாந்தி அம்மாவோடு கருங்கல் கரைக்குப் போக ஆரம்பித்தாள். மாலை ஆலை முடிந்து நான் போனால் இரண்டு பேரும் கல் மேல் நின்று என்னவோ சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

நவம்பரில் ஒரு விடிகாலை, கடல் ஓதம் ஆற்றிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. அவள் வீசி, நிறுத்தி நிறுத்திச் சுற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று சுற்றுவதை நிறுத்தினாள். நூலில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீரிலும் தெரியவில்லை. அவள் மட்டும் தலையைச் சாய்த்தாள்.

"தொட்டுது."

அடுத்த கணம் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாள். கோல் நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்கு வளைந்தது. ரீல் கிறீச்சிட்டுக்கொண்டு நூலைக் கக்கியது.

"ஒடையுது! உடு, உட்டுரு!" என்று நான் கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்க."

இழுத்தால் விட்டாள், ஓய்ந்தால் சுற்றினாள். கோல் வளைந்து வளைந்து மீனின் பலத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. பருத்த கழியாக இருந்திருந்தால் முதல் இழுப்பிலேயே நூல் அறுந்திருக்கும். நான் கெட்டி கெட்டி என்று தேடியது எவ்வளவு அபத்தம் என்பதைக் கால்மணி நேரம் கண்ணெதிரே பார்த்தேன். கடைசியில் தலை தட்டையான, மணல் நிற மீன் ஒன்று கல்லோரத்துக்கு வந்தது. என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. பாய்லர்காரர் ஓடிவந்து வலையை நீட்டினார். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தூக்காமல் போனதில்லை.

அரவை முடிந்தது. ஆலைச் சங்கு ஓய்ந்தது. ஊருக்குப் போகும் பேச்சை அவள் எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்ற பயம்தான். ஆனால் கடைக்குப் போனால் வண்டியை அவள் தள்ள ஆரம்பித்திருந்தாள். கண்ணாடித் தாளைக் கிழிக்காமலேயே கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்து, "இது வேண்டாம், அது" என்பாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

6

நான்கு வருஷம் கழித்து எல்லோரும் ஊருக்குப் போனோம். கோலும் வந்தது. விமான நிலையத்தில் கொண்டுவரும் சாமான்களை எழுதும் காகிதத்தில் இதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. விளையாட்டுச் சாமானா, தொழில் கருவியா என்று கேட்டார் அதிகாரி. நான் யோசித்தேன். "ரெண்டுந்தானுங்க" என்றாள் தெய்வானை. அவர் சிரித்துவிட்டு அனுப்பினார்.

மோகனூரில் என் அண்ணன்கள், "ஏன்டா, வெளிநாடு போயி பொண்டாட்டியைத் தூண்டி போட வெச்சுட்டியா?" என்று கிண்டல் செய்தார்கள். ஆமாம் என்றேன். ஊர் பூராவும் சொல்லுங்கள் என்றேன்.

வெண்ணந்தூரில் மாமனார் கிண்டல் செய்யவில்லை. சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ஏரியில் அந்த வருஷம் தண்ணீர் நன்றாக இருந்தது. தெய்வானை கோரை மண்டிய ஓரமாகப் பார்த்து வீசினாள். "போலி மீனுக்கு எந்த மீனு சிக்கும் அக்கா? குடு, நான் புழு கோத்துத் தாரேன்" என்று அவள் தம்பி கை நீட்டினான்.

"உடு சாமி, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

நான்காவது வீச்சில் விரால் ஒன்று கோரைக்குள்ளிருந்து பாய்ந்து கவ்வியது. கரையில் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. சாந்தி கத்தியதுதான் எல்லாவற்றையும்விட அதிகம். "அப்புச்சி, பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் மாமனாரின் கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் விராலைப் பார்க்கவில்லை. கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கோலு. மாப்ள எடுத்துக் குடுத்ததா?"

"இல்லீங்கப்பா. நாந்தான் எடுத்தேன்."

"அந்தூருக் கடைக்கு நீயே போனியா? பேச்சு தெரியாம?"

"புள்ள சொல்லுச்சுங்க. இவரு வேண்டாம்னாரு. நான் இதுதான் வேணும்னேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். ஆமாங்க மாமா என்று தலையாட்டினேன். அப்படி ஒரு தோல்வியை அத்தனை பெருமையாக யாரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 

மறுநாள் காலையில் தறிக் கொட்டகைக்குப் போனோம். மூன்று தறி ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த நான்காவது தறி மட்டும் நூலில்லாமல் வெறும் மரமாக நின்றது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. பழுது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இது நீ ஒக்காந்து நெய்யற தறி" என்றார் மாமனார் மகளிடம். "நாலு வருசமா இதுல பாவு ஏத்தல சாமி. அரவை முடிஞ்சதும் வந்தர்றேன்னு லெட்டர் போட்டிருந்தயில்ல? வந்தீன்னா உனக்கொரு எடம் இருக்கோணும். அக்கம்பக்கத்துல மூணு ஊட்டுக்காரங்க கேட்டுட்டாங்க. நான் குடுக்கல."

அவள் கடிதம் எழுதியது எனக்குத் தெரியாது. நான் காப்பி குடித்துக்கொண்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வீட்டிலிருந்து என் மனைவி கிளம்பி வந்தால் இருப்பதற்கு, ஐயாயிரம் மைல் தள்ளி ஒருவர் இடம் ஒதுக்கி வைத்துவிட்டு நான்கு வருஷம் காத்திருக்கிறார். 

"நேத்து ஏரியில பாத்தேன்" என்றார் அவர். "இனி இதைக் குடுத்தர்லாமா?"

தெய்வானை தறியின் மரத்தை ஒருமுறை தடவினாள். அழுதாள். மறைக்கவில்லை, நாங்கள் எல்லோரும் பார்க்கவே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுத்தர்லாமுங்கப்பா. ஆனா மூணு பேருல யாருக்குன்னு நான் பாத்துச் சொல்றேன்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அப்பாவும் மகளும் கிளம்பி அந்த மூன்று வீட்டுக்கும் போனார்கள்.